மகாகனிக்கு மேல் மகாகனி

ஆர்டித் பிங்க்கம் விருந்துக்கு வருகிறாள் என்றால் ஸ்டோவர் துறையில் யாரும் சர்க்கரைக் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி வைக்கமாட்டார்கள். பேச்சுவாக்கில் அதைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் என்ன முத்திரை இருக்கிறது என்று பார்த்துவிடுவாள். அவள் வேண்டுமென்று செய்வதில்லை. கை தானாகப் போய்விடும். இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். அந்த நாளிலேயே வண்டியில் ஏறுகிற பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாக்களைத் திருப்பிப் பார்ப்பாள் என்று சொல்வார்கள்.

பஸ்ஸை விட்டபிறகு அந்தக் கைக்கு ஏற்ற வேலையைத்தான் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் ஓர் இரும்பு அடுப்பு, நீளமான மேசை, ஜன்னல் வெளிச்சம். பழைய பெட்டிகளைச் செப்பனிடுவாள். அமெரிக்காவின் மெய்ன் கடற்கரையில் அந்தப் பெட்டிகள் இல்லாத பழைய வீடு கிடையாது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அங்கிருந்தவர்கள் கையில் இருந்தது மலிவான பைன் பலகை, மனசில் இருந்தது கப்பலில் வருகிற விலையுயர்ந்த மகாகனி. பைன் பெட்டி செய்து அதற்குச் செங்காவிப் பூச்சு கொடுப்பார்கள். அது காய்ந்ததும் வினிகரில் குழைத்த கறுப்பை மேலே தடவி, ஈரம் உலர்வதற்குள் தோலில் வெட்டிய சீப்பு, கோழியிறகு, சோளக்கட்டை என்று கையில் அகப்பட்டதை எல்லாம் வைத்து இழுத்து, அழுத்தி, உருட்டி மரத்தின் ரேகைகளை வரைந்துவிடுவார்கள். மகாகனி, ரோஸ்வுட், ஆமையோடு, சலவைக்கல் என்று எது வேண்டுமானாலும் வரும். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் அசல் தோற்றுப்போகும். கோடைகாலத்தில் பாஸ்டனிலிருந்து வருகிற வியாபாரிகள் அவற்றுக்காக அடித்துக்கொள்வார்கள்.

1986ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், பனி உருகி ரோடெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு திங்கட்கிழமை, டீலியா ஹப்பர் ஒரு பெட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். டீலியாவுக்கு எழுபத்துமூன்று வயது. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரில் யாருக்கு எங்கிருந்து கடிதம் வந்தது என்று இன்னும் ஞாபகம் வைத்திருந்தாள்.

"கீலு பிடுங்கிக்கிச்சுடி. மூடிய நிமிர்த்தினா பின்னால தொங்குது" என்றாள்.

ஆர்டித் அந்தப் பெட்டியைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருந்தாள். கையில் வாங்கியது அன்றுதான். முழங்கை நீளம், ஒரு சாண் உயரம். மூடியிலும் பக்கங்களிலும் சிவப்பின்மேல் கறுப்பாகத் தீநாக்குகள் எழும்புவதுபோல மகாகனி ரேகை. உள்ளேயும் அடியிலும் முழுக்கக் கறுப்புப் பூச்சு. மூடியின் உள்பக்கம் டி. ஆர். என்று எழுத்து. தர்ஸா ராக்லிஃப். டீலியாவின் கொள்ளுப்பாட்டி.

"இதுக்குள்ள என்ன வச்சிருக்கீங்க?"

"பட்டன்தான். எல்லாத்தையும் பால்ஜக்குல கொட்டிட்டு வந்திருக்கேன். வியாழக்கிழமைக்குள்ள குடுத்துரு, பால் எதுல ஊத்துறது?"

டீலியா போனபின் ஆர்டித் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுப் பிடுங்கிக்கொண்ட கீலில் ஆடிக்கொண்டிருந்த திருகுகளைக் கழற்றினாள். பட்டையான இரும்புக் கீல். அதை நெம்பி எடுத்ததும் அடியில் இரண்டு விரல் அகலத்துக்குப் பூச்சுப் படாத இடம் ஒன்று வெளிப்பட்டது. கீலைக் கழற்றாமலே அதைச் சுற்றிப் பூச்சு அடித்திருக்கிறார்கள். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவசரக்காரர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. பூச்சில்லாத இடத்தில் பைன் மரம் வெளிறிப்போன மஞ்சளாகத் தெரிய வேண்டும். அங்கே தெரிந்தது கருஞ்சிவப்பு. அதுவும் வெறும் மரமாக இல்லை. மெருகெண்ணெய் பூசித் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு, கண்ணாடி டம்ளரில் கடுங்காப்பியை வெயிலுக்கு நேரே பிடித்ததுபோல ஆழமாக மின்னியது.

ஆர்டித் பூதக்கண்ணாடியை எடுத்தாள். திருகுத் துளைக்குள் குண்டூசியை விட்டுச் சுரண்டி, விழுந்த தூளை வெள்ளைக் காகிதத்தில் கொட்டி எச்சில் தொட்டுப் பார்த்தாள். சிவப்பு. முகர்ந்து பார்த்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

அது மகாகனி. அசல் மகாகனிமேல் யாரோ மெனக்கெட்டு மகாகனிபோல வண்ணம் பூசியிருக்கிறார்கள். ஒரு பூனையைப் பிடித்து வைத்துக்கொண்டு அதன்மேலேயே பூனைப்படம் வரைந்ததுபோல.

டீலியாவுக்கு போன் செய்தாள்.

"உங்க பொட்டி பைன் இல்ல, டீலியா. மகாகனி. நெசம்மாவே மகாகனி."

"அதத்தானே பொட்டி மேலயே போட்டிருக்கு."

"மேல போட்டிருக்கிறது பெயிண்ட். அடியில இருக்கிறது மரம். அசல் மரம் கையில இருக்கும்போது எதுக்கு அதையே மறைச்சு அது மாதிரியே வரையணும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? எங்க எள்ளுத்தாத்தா எலிஃபலட் ராக்லிஃப் கப்பல் பட்டறைத் தச்சர். கப்பல் கேபினுக்கு வந்த பலகையில துண்டு விழுந்திருக்கும், எடுத்து வந்திருப்பாரு. கீல மாட்டுனியா இல்லையா?"

"இந்த மாதிரி இன்னொரு பொட்டி இருக்குல்ல?"

"இருக்கு" என்றாள் டீலியா. "ஆனா நான் அந்த வீட்டுப் பக்கம் போகமாட்டேன். நீ போறதா இருந்தா நான் அனுப்புனேன்னு சொல்லாத."

இது ஊருக்கே தெரிந்த கதை. எலிஃபலட்டுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் தர்ஸா, ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவள் ஸில்ஃபா. ஆளுக்கொரு பெட்டி, ஒரே அளவு, ஒரே வண்ணம். தர்ஸாவின் பெட்டி டீலியாவிடம் வந்தது. ஸில்ஃபாவின் பெட்டி துறைக்கு எதிர்க்கரையில் இருந்த, அவள் வழியில் வந்த ஆல்டன் பீலிடம் போனது. அக்கா வழியினர் தங்கள் பெட்டியில்தான் தீநாக்கு நிமிர்ந்து எழும்புகிறது என்பார்கள். தங்கை வழியினர் தங்கள் பெட்டியில்தான் சிவப்பு ஆழமாக இருக்கிறது, கடைக்குட்டிக்குத்தான் தச்சர் மனசுவைத்துச் செய்தார் என்பார்கள். வருஷாவருஷம் ஆகஸ்டில் இரண்டு குடும்பமும் கூடிச் சாப்பிடும். 1961இல் அப்படிக் கூடியபோது ஆல்டனின் மனைவி, டீலியாவின் பெட்டி வெட்டிப்போட்ட ஈரல் மாதிரி இருக்கிறது என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டாள். அவள் செத்தே ஆறு வருஷமாகிறது. டீலியா இன்னமும் தனி மேசையில்தான் உட்காருகிறாள்.

மறுநாள் காலையில் ஆர்டித் எதிர்க்கரைக்குப் போனாள். ஆல்டனின் வீட்டு வாசலுக்கு இருபதடி முன்னால் கார் சேற்றில் அச்சுவரை புதைந்துவிட்டது. இறங்கி நடந்து கதவைத் தட்டினாள்.

ஆல்டனுக்கு எழுபத்துநான்கு வயது. இன்னமும் படகோட்டி, கூண்டு இறக்கி லாப்ஸ்டர் என்கிற சிங்கி இறால் பிடிப்பவர். சீசனுக்காக, கடலில் கூண்டு கிடக்கும் இடத்தைக் காட்டும் மிதவைக் கட்டைகளுக்கு மஞ்சளும் பச்சையும் அடித்துச் சமையலறை முழுக்கக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். ஆர்டித் அவற்றுக்கடியில் குனிந்து குனிந்து வந்து உட்கார்ந்தாள்.

"டீலியா அனுப்புனாளா, கண்ணு?" என்றார் ஆல்டன்.

"இல்ல."

"அப்படித்தான் சொல்லச் சொன்னாளா?"

ஆர்டித்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க பொட்டியப் பாக்கணும், ஆல்டன். பாத்துட்டுப் போயிர்றேன்."

பெட்டி ஃபிரிட்ஜுக்கு மேலே இருந்தது. அவர் அதை இறக்கி, உள்ளே இருந்த மீன்பிடி லைசென்ஸ், நாய்க்கு ஊசி போட்ட சீட்டு, மனைவியின் மூக்குக் கண்ணாடி ஆகிய மூன்றையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் பெட்டியை நீட்டினார். ஆர்டித் வரும் வழியெல்லாம் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பைன் லேசான மரம். மகாகனி கனக்கும். கையில் வாங்கினாலே தெரிந்துவிடும், எதையும் சுரண்ட வேண்டியதில்லை.

வாங்கினாள். டீலியாவின் பெட்டி கனத்த அதே கனம்.

அப்படியானால் இதுவும் மகாகனி. தச்சரிடம் இரண்டுக்குப் போதுமான பலகை இருந்திருக்கிறது. அப்புறம் எதற்கு இரண்டையும் பூசி மறைத்தார்? முடிச்சு அவிழவில்லை, இன்னும் இறுகியதுதான் மிச்சம். ஜன்னல் பக்கம் திருப்பி ரேகைகளைப் பார்த்தாள். சீப்பு இழுத்த கோடுகள் நாலு நெருக்கமாக, பிறகு ஓர் இடைவெளி, மறுபடி கோடுகள். சீப்பில் ஐந்தாவது பல் ஒடிந்திருக்கிறது. டீலியாவின் பெட்டியிலும் ஐந்தாவது கோடு கிடையாது. ஒரே ஆள், ஒரே சீப்பு.

"டீலியா பொட்டி பெயிண்டுக்கு அடியில அசல் மகாகனி, ஆல்டன். உங்களதும் அதே கனம் கனக்குது. இந்தக் கீல ஒரு நிமிஷம் கழட்டிப் பாக்கட்டுமா?"

"என் பொட்டிக்கு மூட்டுவலி ஒண்ணும் இல்லியே."

"அளந்தாவது பாத்துக்கறேன்."

"அள. அளக்கிறதுக்குக் காசா?" என்று தூரிகையை எடுத்து ஒரு மிதவைக்குப் பச்சை அடிக்கப் போனார்.

ஆர்டித் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். வெளிப்பக்க நீளம், அகலம், உயரம் மூன்றும் டீலியாவின் பெட்டியோடு அச்சுக்கு அச்சு. டேப்பை உள்ளே விட்டு ஆழத்தை அளந்தாள். திரும்பவும் அளந்தாள். இன்னொரு மூலையில் அளந்தாள்.

"என்ன கண்ணு, செத்த எலியப் பாத்த மாதிரி முழிக்கிற?"

"வெளிய உயரம் ஒண்ணுதான். உள்ள ஆழம் அரை அங்குலம் கம்மியா இருக்கு. இதுக்கு ரெண்டு அடித்தட்டு இருக்கு, ஆல்டன். நடுவுல ஏதோ இருக்கு."

ஆல்டன் தூரிகையைக் கீழே வைத்தார். "ஒண்ணும் கிடையாது. எழுபத்துநாலு வருஷமா இந்தப் பொட்டிய எனக்குத் தெரியும்."

"எழுபத்துநாலு வருஷமாத் தெரியும், ஒரு தடவகூட உள்ள அளந்து பாக்கல."

"ஊருல எல்லாரும் உன்ன மாதிரி அடுத்தவங்க சாமானக் குப்புறப் போட்டுப் பாக்கிறவங்களா?" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். டிரக்கை எடுத்து வந்து அவள் காரைச் சேற்றிலிருந்து இழுத்துவிட்டு, கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

புதன், வியாழன் இரண்டு நாளும் ஆர்டித் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. பெட்டியைக் கேட்ட டீலியாவிடம், பசை காயவில்லை என்று பொய் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலையில் போன் மணி அடித்தது.

"நான் ஆல்டன். தூங்கவே முடியல. கண்ண மூடுனா அந்த அரை அங்குலந்தான் நிக்குது. எல்லாம் உன்னாலதான்."

"தொறந்துட்டீங்களா?"

"இல்ல. என் வீட்டுல தொறந்தா, உள்ள என்ன இருந்துச்சோ அத நான்தான் மாத்தி வச்சேன்னு அவ சொல்லுவா. நாளைக்குப் பத்து மணிக்கு அங்க வர்றேன். கூண்டுல வைக்கிற இரைய நிறுக்கிற தராசு என்கிட்ட இருக்கு, கொண்டு வர்றேன். அவளக் கூப்பிட்டுரு. நான் கூப்பிடமாட்டேன்."

சனிக்கிழமை பத்து மணிக்கு டீலியா ஒரு தட்டு நிறைய டோநட்டுகளோடு வந்தாள். ஆல்டனுக்காகக் கொண்டுவரவில்லை, ஆர்டித்துக்காகத்தான் என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். ஆல்டன் ஒரு பக்கத்தில் தராசையும் மறுபக்கத்தில் பெட்டியையும் இடுக்கிக்கொண்டு வந்தார். தராசைச் சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தும் ஹெர்ரிங் மீன் வாடை போகவில்லை.

"இந்த நாத்தத்துல என் பொட்டிய வைக்கமாட்டேன்" என்றாள் டீலியா. இருபத்தைந்து வருஷத்தில் அவள் ஆல்டனிடம் நேராகச் சொன்ன முதல் பேச்சு அது.

"ஈரலுக்கு மீன் வாடை ஆகாதா?" என்றார் ஆல்டன்.

ஆர்டித் அவசரமாக ஒரு பழைய செய்தித்தாளை எடுத்துத் தராசுத் தட்டின்மேல் விரித்தாள். கழற்றிய கீலையும் சேர்த்து இரண்டையும் நிறுத்தார்கள். டீலியாவின் பெட்டி ஆறு பவுண்டு மூன்று அவுன்ஸ். ஆல்டனின் பெட்டி ஆறு பவுண்டு இரண்டு அவுன்ஸ். பதினாறு அவுன்ஸ் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு, ஆக வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். மூன்று பேரும் முள்ளையே பார்த்தார்கள்.

"எங்களது ஒரு அவுன்ஸ் ஒசத்தி" என்றாள் டீலியா.

"உன் பட்டன் ஒண்ணு உள்ள கெடக்கும், பாரு."

ஆல்டன் சட்டைப் பையிலிருந்து தகடுபோன்ற கத்தி ஒன்றை எடுத்தார். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கத்தியின் முனையை அடித்தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு அப்படியே நின்றார். அவருக்கும் புரிந்திருந்தது. மகாகனிப் பெட்டிக்குக் கனம் கூட்ட யாரும் இரண்டாவது அடித்தட்டு போட மாட்டார்கள். திறந்துவிட்டால் நூற்றைம்பது வருஷத்துச் சண்டையில் தன் கட்சி தோற்றுப்போகலாம். திறக்காவிட்டால் அந்த அரை அங்குலம் சாகும்வரை தூங்கவிடாது.

"பயமா இருக்கா, ஆல்டன்?" என்றாள் டீலியா. கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் தணிந்துவிட்டது.

"இருக்கு" என்றார் ஆல்டன். கத்தியை அழுத்தினார்.

மெல்லிய பலகை ஒன்று ஒரு மூலையில் கிளம்பி, பிறகு முழுசாக மேலே வந்தது. அதற்கடியில் சாம்பல் நிறத்தில் ஈயத் தகடு, பெட்டியின் அளவுக்குக் கச்சிதமாக வெட்டிச் சுத்தியால் தட்டித் தட்டிச் சமன் செய்தது. ஆல்டன் நகத்தால் நெம்பி அதையும் எடுத்தார். ஈயத்துக்கு அடியில் பெட்டியின் அசல் தரை. பூச்சில்லாத வெறும் மரம். வெளிறிய மஞ்சள், நடுவில் ஒரு கரிய கணு.

பைன்.

டீலியா வாயைத் திறந்தாள். அவளுக்குள் நாலு தலைமுறை சேர்ந்து வாயைத் திறந்தது. ஆனால் ஆர்டித் அதற்குள் மெல்லிய பலகையைத் திருப்பிவிட்டாள். அவள் கைக்கு வேறு வழி தெரியாது.

"பென்சில்ல எழுதியிருக்கு" என்றாள்.

தச்சர் பென்சிலின் தடித்த எழுத்துகள். வெளிச்சமே படாமல் இருந்ததால் நேற்று எழுதியதுபோல இருந்தன. ஆர்டித் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். "டி — ஆறு பவுண்டு மூணு. இஸட் — மூணு பவுண்டு பதினஞ்சு. வித்தியாசம் ரெண்டு பவுண்டு நாலு. பலகைக்கு நாலு அவுன்ஸ். ஈயம் ரெண்டு பவுண்டு." டி என்றால் தர்ஸா, இஸட் என்றால் ஸில்ஃபா. அதற்குக் கீழே கோடு போட்டு ஒரே ஒரு வார்த்தை. "சரிசமம்."

டீலியா அந்தப் பலகையை வாங்கித் தானும் ஒருமுறை படித்தாள்.

"ரெண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியக் கூடாதுன்னு எடைகூடப் போட்டிருக்காரு மனுஷன்" என்றாள் டீலியா. ஜெயித்துவிட்டோம் என்று கூவ வாயெடுத்ததை மறந்தேபோனாள்.

"மொதல்லயே போடல" என்றாள் ஆர்டித். பெட்டியின் தரையை விரலால் காட்டினாள். மஞ்சள் மரத்தின் ஓர் ஓரத்தில் மைக்கூடு கவிழ்ந்த பெரிய கறை. "கறை ஈயத்துல இல்ல, மேல் பலகையிலயும் இல்ல. இங்கதான் இருக்கு. ஈயம் போடுறதுக்கு முன்னாடி ஸில்ஃபா இந்தப் பொட்டிய வச்சுப் பொழங்கியிருக்கா. அப்புறந்தான் போட்டிருக்காரு."

ஆல்டன் மெதுவாகத் தலையை ஆட்டினார். "அக்கா பொட்டியத் தூக்கிப் பாத்திருப்பா. அக்காவோடது கனமா இருக்கு, என்னோடது லேசா இருக்கு, எனக்கு மட்டும் சொத்தப் பொட்டின்னு அழுதிருப்பா. கடைக்குட்டில்ல."

"அப்ப இது?" டீலியா தன் பெட்டியைத் தொட்டாள். "இதுக்கு எதுக்குப் பெயிண்ட்?"

அப்போதுதான் ஆர்டித்துக்கு அந்தக் கீலுக்கு அடியிலிருந்த பளபளப்பு விளங்கியது. பெட்டியைத் திருப்பி அந்த இடத்தைக் காட்டினாள். "பெயிண்ட் அடிக்கிற மரத்த யாராச்சும் இப்படித் தேச்சு மெருகேத்துவாங்களா? இது மொதல்ல பெயிண்ட் இல்லாமத்தான் இருந்திருக்கு. பல வருஷம். தர்ஸாவுக்கு அசல் மகாகனிப் பொட்டி செஞ்சு குடுத்திருக்காரு. அப்போ ஸில்ஃபா பொறக்கவே இல்லையோ என்னவோ. அப்புறம் சின்னவ வளந்து எனக்கும் அதே மாதிரி வேணும்னு கேட்டிருக்கா. பலகை இல்ல. பைன்ல செஞ்சு மகாகனி மாதிரி வரைஞ்சு குடுத்தாரு. பக்கத்துல பக்கத்துல வச்சா, எது வரைஞ்சது எது அசல்னு தெரிஞ்சுபோயிருக்கும்."

"அதனால?"

"அதனால அசலையும் வரைஞ்சுட்டாரு."

டீலியா ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்துகொண்டாள். "மக கையில குடுத்த பொருள, அவ துடைச்சுத் துடைச்சு வச்சிருந்தத எடுத்து, தங்கச்சி அழுவான்னு பெயிண்ட் அடிச்சாரா? தர்ஸாகிட்ட ஒரு வார்த்த கேட்டிருப்பாரா?"

"கேட்டிருக்கமாட்டாரு" என்றார் ஆல்டன்.

"பின்ன சண்ட வராம என்ன செய்யும்? எங்க அம்மா சொல்லும், தர்ஸா சாகுறவரைக்கும் அப்பா பேச்ச எடுத்தா எழுந்து போயிருவான்னு. ஏன்னு யாருக்கும் தெரியாது."

"எங்க வீட்டுல வேற மாதிரி சொல்லுவாங்க. ஸில்ஃபா மூணு வீடு மாறுனா, ஒவ்வொரு தடவையும் இந்தப் பொட்டிய அவ கையாலயே தூக்கிட்டுப் போனாளாம், வேற யாரையும் தொட விடமாட்டாளாம். ரெண்டு பவுண்டு ஈயம், டீலியா. பாவம், அத மகாகனின்னு நெனச்சுச் சொமந்திருக்கா."

"பைன்மேல பெயிண்டுன்னு அடித்தட்டப் பாத்தே தெரிஞ்சவ எதுக்கு மகாகனின்னு நெனைக்கிறா?"

"அப்ப என்னதான் நெனச்சிருப்பா?"

ஆர்டித் டோநட் தட்டை இருவருக்கும் நடுவில் நகர்த்தினாள். ஆல்டன் ஒன்றை எடுத்தார். டீலியா பார்த்தாள், தடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து டீலியா கேட்டாள், "இந்தப் பெயிண்ட எடுக்க முடியுமாடி?"

"முடியும். ஒரு நாள் வேலை. ஆனா..."

"ஆனா கீனா வேணாம். எடுத்துரு. அவளுக்குக் குடுத்தது எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கிரு."

இப்படிப்பட்ட பூச்சை எடுப்பது என்பது ஆர்டித்தைப் பொறுத்தவரை வீட்டைக் கொளுத்துவதற்குச் சமம். பாஸ்டன்காரர்கள் அடித்துக்கொள்வதே அந்தப் பூச்சுக்காகத்தான். அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தாள். ஆனால் டீலியாவின் முகத்தைப் பார்த்தால் விலையைப் பற்றிப் பேசுகிற நேரமாகத் தெரியவில்லை.

"எடுத்துரு கண்ணு, அவ சொல்றது ஞாயந்தான்" என்றார் ஆல்டன், மீசையில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்துக்கொண்டே. "எடுத்துட்டா எலிஃபலட் தாத்தா கையால வரைஞ்ச பொட்டி உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கும். அது என்கிட்ட இருக்கும்."

டீலியா அவரை முறைத்தாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பெட்டியை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மூடியின்மேல் நிமிர்ந்து எழுந்த தீநாக்குகளை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினாள்.

"கீல மாட்டுடி" என்றாள்.

ஆல்டன் ஈயத்தைப் பெட்டிக்கு வெளியே வைத்துவிட்டு வெறும் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். காலிக் கூடைபோல மேலே வந்துவிட்டது. இன்னொரு முறை தூக்கினார். பிறகு ஈயத்தைப் பழைய இடத்தில் கிடத்தி, பலகையை எழுத்து கீழே இருக்கும்படி வைத்து, நாலு மூலையிலும் கட்டைவிரலால் அழுத்தினார். லேசாக இருந்தால் ஃபிரிட்ஜ் அதிர்கிற அதிர்ச்சிக்குக் கீழே விழுந்துவிடும் என்று காரணம் சொன்னார். யாரும் அவரிடம் காரணம் கேட்கவில்லை.

ஆர்டித் கீலை எடுத்து மாட்ட உட்கார்ந்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பெட்டிக்கு இரண்டு கீல்கள். இடப்பக்கக் கீலின் திருகுகள் தச்சர் முடுக்கியபடியே இருந்தன, தலையில் ஒரு கீறல் இல்லை. பிடுங்கிக்கொண்ட வலப்பக்கக் கீலின் திருகுத் தலைகளோ, யாரோ கத்திமுனையால் எத்தனையோ தடவை திருகித் திருகி மழுங்கியிருந்தன. துளைகள் தேய்ந்து அகன்றதும் அதனால்தான். அது பழைய தேய்மானம். துரு ஏறி அதன்மேல் அழுக்கு ஏறி அந்த அழுக்கும் கறுத்துப்போயிருந்தது.

அவள் அதை டீலியாவிடம் காட்டினாள். டீலியா பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"அடியில இருக்கிற மரத்தப் பாக்கணும்னு கழட்டிக் கழட்டிப் பாத்திருக்கா" என்றாள் கடைசியில்.

"யாரு?" என்றார் ஆல்டன்.

"தர்ஸாதான். வேற யாரு?"

"ஸில்ஃபாவாவும் இருக்கலாம். அக்கா இல்லாத நேரமாப் பாத்து."

"எங்க வீட்டுக்குள்ள வந்து எங்க பொட்டியக் கழட்டுவாளா அவ?"

"வந்திருப்பா. துணிஞ்சவ."

ஆர்டித் துளைகளில் சின்ன மரக்குச்சிகளைப் பசை தடவி இறக்கி, அதே பழைய திருகுகளை முடுக்கினாள். அவர்கள் சண்டை நிற்கவில்லை. ஆல்டன் நாற்காலியை இழுத்து மேசையோரம் போட்டுக்கொண்டார். டீலியா காப்பி இருக்கிறதா என்று கேட்டாள்; ஆர்டித் போய்ப் போட்டுக் கொண்டுவருவதற்குள், ஸில்ஃபா திருகைக் கழற்ற எந்தக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்திருப்பாள் என்பதுவரை இருவரும் வந்துவிட்டிருந்தார்கள்.